மூன்று வட்டிலும் ஓர் அண்டாவும்

நாழிகையைத் தண்ணீரால் அளந்த காலத்திலே, செம்பொறை நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். கெட்ட ராஜாவாக இருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பேன், எனக்கென்ன பயம்? அவரும் இன்றைக்கு இல்லை, அவர் கோட்டையும் இல்லை.

அந்த ராஜாவின் தலைநகரத்துக்குக் கிழக்கே ஒரு பெரிய கண்மாய். கண்மாய்க்குக் கீழே நெடுங்கால் என்று ஓர் ஊர். கண்மாயிலிருந்து ஒரே ஒரு வாய்க்கால் புறப்பட்டு அந்த ஊர் வயல்களுக்குள் இறங்கும். வாய்க்காலில் மூன்று மடை. கண்மாய்க்குப் பக்கத்தில் தலைமடை, இடையில் நடுமடை, கடைசியில் ஆற்றங்கரையை ஒட்டிக் கடைமடை. மூன்று மடைக்கும் சமமான நிலம். ஆனால் தலைமடைக்காரர்கள் நெல்லுச்சோறு தின்றார்கள். நடுமடைக்காரர்கள் ஒரு நாள் நெல்லும் ஒரு நாள் கேழ்வரகும் தின்றார்கள். கடைமடைக்காரர்கள் கேழ்வரகைத் தின்றுகொண்டே நெல்லுச்சோற்றைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த ஊருக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தான். மடையைத் திறப்பதும் அடைப்பதும், யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து விடுவதும் அவன் வேலை. பெயர் இருளப்பன். நெட்டையான ஆள், தோளில் எப்போதும் மண்வெட்டி, வாயில் எப்போதும் ஒரு பாட்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று கண்மாய்க்கரை அய்யனாருக்கு முன்னால் அவன் மூன்று சத்தியம் செய்தான். சொந்தமாக ஒரு குழி நிலமும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்பது முதல் சத்தியம். மூன்று மடையிலும் பெண் எடுக்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்பது இரண்டாவது. தண்ணீர் விஷயத்தில் கண்ணால் கண்டதை மறைக்க மாட்டேன் என்பது மூன்றாவது.

முதல் இரண்டையும் அவன் அப்படியே காப்பாற்றினான். மூன்றாவதுதான் கதை.

தண்ணீரை எப்படி அளந்தார்கள் என்று கேட்பீர்கள். ஒரு சின்னச் செம்பு வட்டில், உள்ளங்கை அகலம் இருக்கும். அடியில் ஊசித்துளை. அதை ஒரு பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் துளை வழியாகத் தண்ணீர் மெல்ல ஏறி, நிறைந்ததும் வட்டில் மூழ்கிப்போகும். அது ஒரு வட்டில் நேரம். ஒரு முறைக்கு மடைக்கு முப்பது வட்டில் தண்ணீர். தலைமடைக்கும் முப்பது, நடுமடைக்கும் முப்பது, கடைமடைக்கும் முப்பது. இதில் என்ன குறை சொல்ல முடியும்? முப்பது என்றால் எங்கேயும் முப்பதுதானே?

ஒரே ஒரு வழக்கம் மட்டும் உண்டு. மூன்று மடைக்கும் தனித்தனியாக மூன்று வட்டில். ஒரு மடை வட்டில் இன்னொரு மடையின் எல்லையைத் தாண்டக் கூடாது. மூன்று வட்டிலும் ஓரிடத்தில் கூடினால் கண்மாய்க் கரை உடைந்துவிடும் என்று அந்த ஊரில் ஒரு சொல் இருந்தது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எவருக்கும் தெரியாது. தெரியாத சொல்லுக்குத்தானே ஊர் அதிகம் பயப்படும்.

இருளப்பன் பாடுகிறவன் என்று சொன்னேன் அல்லவா? பன்னிரண்டு அடிப் பாட்டு ஒன்று அவனுக்குப் பழக்கம். தலைமடையில் வட்டிலை மிதக்கவிட்டுப் பாட ஆரம்பித்தால் அது மூழ்குவதற்குள் இரண்டு தடவை பாடி முடிப்பான். நடுமடையில் ஒன்றரைத் தடவை. கடைமடையிலோ ஒரு தடவை முடிவதற்குள் வட்டில் முழுகிவிடும். முதல் மாதம் தன் தொண்டைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று நினைத்தான். இரண்டாம் மாதம் காற்றைக் குறை சொன்னான். மூன்றாம் மாதம் வட்டில்களைத் திருப்பிப் பார்த்தான்.

தலைமடை வட்டிலின் துளையில் தேன்மெழுகு ஒட்டியிருந்தது, பாதித் துளையை அடைத்துக்கொண்டு. கடைமடை வட்டிலின் துளையை யாரோ ஆணி வைத்து அகலமாக்கியிருந்தார்கள். அவன் வட்டில்களை மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தான். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? நீர்க்கட்டிக்குக் கூலி, அறுவடையின்போது மடைக்கு ஒரு கட்டுக் கதிர். நடுமடையிலும் கடைமடையிலும் ஒற்றைக் கட்டு. தலைமடையில் மட்டும் இரண்டு கட்டு, அதுவும் கை நிறைய. அந்த இரண்டாவது கட்டு எதற்கு என்று அவன் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. தலைமடையின் பெரிய ஆள் வீரபெருமாள் அதைத் தம் கையாலேயே தூக்கி அவன் தோளில் வைப்பார். கண்டும் காணாததுமாகப் பதினைந்து வருஷம் ஓடியது.

அப்புறம் மழை பொய்த்தது. முதல் வருஷம் மழை கொஞ்சம் பெய்துவிட்டுப் போனது. இரண்டாம் வருஷம் தூறிவிட்டுப் போனது. மூன்றாம் வருஷம் எட்டிப் பார்க்காமலேயே போனது. கண்மாயில் கிடந்த அரைத் தண்ணீரை நம்பி நெடுங்கால்காரர்கள் சம்பா நட்டார்கள். பயிர் வளர்ந்து, கதிர் வெளிவரப் பொதி கட்டி நின்றது. இன்னும் மூன்று நனைப்புத் தண்ணீர் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் வைக்கோல்.

அந்தச் சமயம் பார்த்துத் தலைநகரத்துக் கிணறுகள் வற்றின. பிள்ளைகள் வெறும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்கள். கண்மாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் இனி நகரத்தின் குடிநீருக்கு என்று ராஜா ஆணையிட்டார். இருளப்பன் தன் கையாலேயே மதகை அடைத்தான். ஊர் முழுக்க அவனைத் திட்டியது. ராஜாவைத் திட்ட முடியுமா, பாவம்.

ஆனால் ராஜா நல்லவர் என்று சொன்னேனே. மறுநாளே கண்மாய்க் கரைக்கு நடந்து வந்து ஊரைக் கூட்டினார்.

“உங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் குடிக்க வேண்டியிருக்கிறது, திருப்பித் தர முடியாது. ஆனால் எடுத்த தண்ணீருக்குப் பதில் தண்ணீர் தருவேன். அதுவரையில் நானும் நெல்லுச்சோறு தொட மாட்டேன்” என்றார்.

பயிர் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். இருபது நாள் என்று சொன்னார்கள்.

முதலில் மந்திரி வந்தார். முந்நூறு மாட்டு வண்டியில் தோல்பைகளைக் கட்டி, மூன்று காதத்துக்கு அப்பால் இருந்த மலைச் சுனையிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் செய்தார். வழியில் மாடுகள் கொஞ்சம் குடித்தன. வண்டிக்காரர்கள் கொஞ்சம் குடித்தார்கள். மிச்சத்தை வெயில் குடித்தது. முந்நூறு வண்டியும் வந்து சேர்ந்து ஊற்றிய தண்ணீரில் ஒரே ஒரு வயலின் ஒரு மூலை நனைந்தது, அதுவும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. இப்படி மூன்று நாள் போயிற்று.

அடுத்துச் சேனாபதி வந்தார். எதிரியைப் பார்க்கிற மாதிரி தரையைப் பார்த்தார். ஆயிரம் படைவீரர்கள் வயலுக்கு நடுவே கிணறு வெட்டினார்கள். மூன்று ஆள் ஆழத்தில் பாறை வந்தது. பாறையையும் உடைத்தார்கள். உள்ளே ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. அதன் முதுகுகூட ஈரமாக இல்லை. இன்னும் மூன்று நாள் போயிற்று.

மூன்றாவதாக அரண்மனைப் புலவர் வந்தார். மழையைப் பாடியே இறக்குகிறேன் என்று வயல்வரப்பில் உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள் பாடினார். தொண்டை வறண்டபோதெல்லாம் ஊரார் குடிக்க வைத்திருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். மூன்றாம் நாள் முடிவில் மேகமும் வரவில்லை, ஊர்ப் பானைகளிலும் தண்ணீர் இல்லை.

ஒன்பது நாள் கழிந்தது. பயிரின் நுனி மஞ்சளாகிச் சுருளத் தொடங்கியது.

இருளப்பனுக்கு இப்போது வேலை இல்லை. அடைத்த மதகுக்குக் காவல் எதற்கு? அவன் கடைமடையை ஒட்டி வறண்டு கிடந்த நாணலாற்றில் சும்மா நடந்து போனான். ஆற்றின் வளைவில் நாணல் மட்டும் பச்சையாக நின்றது. அங்கே நரி ஒன்று மணலைப் பறித்திருந்தது. குழிக்குள் கை விட்டால் சில்லென்றிருந்தது. சுற்றியிருந்த மணல் காலை வெயிலிலும் காலில் ஒட்டியது. பச்சை, குளிர்ச்சி, ஈரம் என்று மூன்றையும் பார்த்தபின் அவன் மண்வெட்டியால் வெட்டினான். இடுப்பளவு தோண்டியதும் கால் விரலுக்கு நடுவே தண்ணீர் ஊறியது. ஆறு சாகவில்லை, மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

அவன் ஓடிப்போய் ராஜாவிடம் சொன்னான். ஆற்றின் நடுவே வாய்க்கால் மாதிரி நீளமாக ஒரு கால் வெட்ட வேண்டும். இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி வைத்து மணல் சரியாமல் தடுக்க வேண்டும். பக்கத்திலிருந்து ஊறும் தண்ணீர் அதில் சேர்ந்து ஓடிவந்து, கரையை வெட்டிவிட்டால் வயலுக்குள் ஏறும். இதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். ஆனால் விட்டுவிட்டு வெட்டக் கூடாது. ஒரு நாள் நிறுத்தினால் மணல் வந்து மூடும். அதனால் ஊரில் கை உள்ள எல்லாரும் வர வேண்டும் என்றான்.

ராஜா மூங்கிலும் கூடையும் கொடுத்தார். மூன்று மடை ஜனங்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். தலைமடைக்காரர்கள்தான் முன்னால் நின்று வேகமாக வெட்டினார்கள். ஏன் என்கிறீர்களா? தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் முதலில் தலைமடைக்குத்தான் வரும் என்று அவர்கள் நினைத்தார்கள். பாட்டன் காலத்திலிருந்து அப்படியே வந்து பழகியவர்கள். தலைமடை தலைமடையாக இருப்பது கண்மாய் மேற்கே இருப்பதால்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஊற்றுக்காலில் முதல் தண்ணீர் ஓடியது. ஒரு சாண் அகலம்தான். எல்லாரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அது போகும் வழியைப் பார்த்தார்கள். தண்ணீர் வளைந்து, நெளிந்து, போகலாமா வேண்டாமா என்று யோசித்து, நேரே கடைமடைக் கரையைப் போய்த் தொட்டது.

வீரபெருமாள்தான் முதலில் புரிந்துகொண்டார். ஆறு தாழ்வில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் கடைமடைக்குத்தான் தானாகப் பாயும். அங்கிருந்து ஏற்றம் போட்டு இறைத்தால் நடுமடை, மறுபடி இறைத்தால் தலைமடை. கடைமடை தலையாகிவிட்டது, தலைமடை கடையாகிவிட்டது.

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். பின்னாலேயே தலைமடை முழுவதும் ஏறியது. கொஞ்சம் யோசித்துவிட்டு நடுமடையும் ஏறியது. நமக்கு வராத தண்ணீருக்கு நாம் ஏன் முதுகொடிய வேண்டும் என்று போகும்போதே பேசிக்கொண்டார்கள்.

கடைமடைக்காரர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனால் போகட்டும் என்று அவர்களே வெட்டினார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பாதி ஊற்றுக்கால் மணலால் மூடிக் கிடந்தது. அன்றைக்கும் வெட்டினார்கள். அதற்கு மறுநாளும் பாதி மூடிக் கிடந்தது. தண்ணீர் இருந்தவர்களுக்குக் கை போதவில்லை, கை இருந்தவர்களுக்குத் தண்ணீர் இல்லை. நாள் பதினைந்து ஆகிவிட்டது, இன்னும் ஐந்தே நாள். இரண்டு பக்கமும் வீம்பு பிடித்து நின்றால் மூன்று மடையும் வைக்கோல்.

இருளப்பன் கடைமடைப் பேச்சியிடம் போனான். பேச்சிக்கு அங்கே ஒரு சின்ன வயல்தான் சொந்தம், ஆனால் கடைமடையில் எந்த விஷயத்துக்கும் முதல் வாய் அவளுடையது. அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். மேல்மடைகளுக்கும் முறைப்படி தண்ணீர் தருவதாக நீ ஒரு வார்த்தை சொல்லு தாயி, நான் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினான்.

பேச்சி கூடையைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தாள். அவளுக்கு மனசில் கோபம் இருந்தாலும் கணக்கு தெரியும்; ஆள் இல்லாமல் தன் வயலும் பிழைக்காது என்பது புரிந்திருந்தது.

“தர மாட்டோம்னு யாருண்ணே சொன்னா? வழக்கம் எப்படியோ அப்படியே நடக்கட்டும். அவங்களுக்கு அவங்க வட்டில்ல முப்பது, எங்களுக்கு எங்க வட்டில்ல முப்பது. நாங்க ஒண்ணும் அநியாயம் பண்ணுற ஆளுக இல்ல” என்றாள்.

இருளப்பன் வந்த காரியம் முடிந்துவிட்டது. அப்படியே தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். போனால் தலைமடை வரும், ஊற்றுக்கால் முடியும், பயிர் பிழைக்கும், இரண்டு கட்டுக் கதிரும் தோளேறும். ஆனால் கடைமடை வாசலிலேயே பிறக்கிற தண்ணீரில்கூடக் கடைமடைக்கு ஒரு பங்கும் தலைமடைக்கு இரண்டு பங்கும் போகும். அதையும் அவன் கையாலேயே அளக்க வேண்டும். அநியாயம் பண்ண மாட்டோம் என்று சொன்னவளின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. பதினைந்து வருஷம் வராத வெட்கம் அன்றைக்கு மொத்தமாக வந்தது.

அவன் திரும்பி நடந்தான். தலைமடைக்குப் போய் வட்டிலை எடுத்தான். நடுமடைக்குப் போய் வட்டிலை எடுத்தான். கடைமடைக்கு வந்து வட்டிலை எடுத்தான். நீர்க்கட்டி மூன்று வட்டிலையும் ஒரே மடியில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறான் என்ற சேதி காற்றைவிட வேகமாகப் பரவியது. ஊர் முழுவதும் ஆற்றுமணலுக்கு ஓடி வந்தது. வேலை ஏன் நின்றது என்று பார்க்க வந்த ராஜாவும் அந்நேரம் அங்கே வந்து சேர்ந்தார்.

வீரபெருமாள் முன்னால் வந்து வழியை மறித்தார். மூன்றும் கூடினால் கரை உடையும் என்பது தெரியாதா என்று அதட்டினார்.

“உடையட்டும் ஐயா. கண்மாய்த் தண்ணிதான் நகரத்துக்குப் போயிருச்சே, இனி நமக்கு எந்தக் கரை?” என்றான் இருளப்பன்.

ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்சிய பெரிய அண்டா ஒன்று அங்கே கிடந்தது. அதில் ஊற்றுத் தண்ணீரை நிரப்பினான். மூன்று வட்டிலையும் ஒரே நேரத்தில் மிதக்கவிட்டான். பிறகு தன் பாட்டை எடுத்துப் பாடினான். 

பாட்டு ஒரு தடவை முடிவதற்குள் கடைமடை வட்டில் மூழ்கியது. இன்னொரு பாதி பாடியதும் நடுமடை வட்டில் மூழ்கியது. தலைமடை வட்டிலோ ஆடி அசைந்து மிதந்துகொண்டே இருந்தது. அவன் இரண்டாம் தடவையும் பாடி முடித்துக் கொஞ்சம் மூச்சு வாங்கியபின்தான் அது போக மனமில்லாமல் உள்ளே போனது.

 முப்பதும் முப்பதும் ஒன்றில்லை என்பதைப் பச்சைப்பிள்ளைகூடப் பார்த்துவிட்டது. கடைமடையில் ஒரு கிழவர், தூரத்துத் தண்ணீர் வழியில் வற்றிப்போகிறது என்றல்லவா இத்தனை காலம் நினைத்தோம் என்று முணுமுணுத்தார்.

இருளப்பன் ராஜாவின் காலடியில் மண்வெட்டியை வைத்தான்.

“மகாராசா, இது எனக்குப் பதினஞ்சு வருசமாத் தெரியும். கண்டதை மறைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு மறைச்சேன். ரெண்டாவது கட்டுக் கதிரு என் வாயை அடைச்சிருச்சு. இனி இந்த மண்வெட்டியத் தொட எனக்கு யோக்கியதை இல்ல” என்றான்.

ராஜாவின் முகம் சிவந்தது. இது யார் செய்த வேலை என்று கேட்டார். வீரபெருமாள் தலையைக் குனிந்தபடி, தம் பாட்டன் வைத்த மெழுகு அது, கடைமடை வட்டிலில் ஆணி அடித்ததும் அவர்தான், மெழுகு தேய்ந்தபோதெல்லாம் தாமும் புதுசாக வைத்ததுண்டு என்று ஒப்புக்கொண்டார். தலைமடைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

ராஜா கொஞ்ச நேரம் யோசித்தார். கோபத்தில் தண்டனை கொடுத்துவிடலாம், ஆனால் தண்டனையால் ஊற்றுக்கால் வெட்ட முடியாது. அவர் அண்டாவுக்குள் கைவிட்டு மூன்று வட்டிலையும் எடுத்துப் பேச்சியின் முன்னால் மணலில் வைத்தார்.

“இன்றைக்குத் தலைமடை உன்னுடையது, அம்மா. உனக்கு எந்த வட்டில், அவர்களுக்கு எந்த வட்டில் என்று நீ சொல். நீ சொல்வதுதான் இனி இந்த ஊர்ச் சட்டம்” என்றார்.

கடைமடை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மெழுகு வட்டில் நமக்கு, ஆணி வட்டில் அவர்களுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று தலைமுறைப் பசிக்கும் பழிதீர்ந்துவிடும். அவர்களில் பாதிப்பேர் உதடு அதைச் சொல்லியும்விட்டது. பேச்சியும் மெழுகு வட்டிலைத்தான் பார்த்தாள். நான் பொய் சொல்ல மாட்டேன், அவளுக்கும் ஆசை வந்தது. அவள் பிள்ளைகள் கேழ்வரகு தின்று வளர்ந்தவர்கள்.

பிறகு அவள் ஓரமாக நின்ற வீரபெருமாளைப் பார்த்தாள்.

“ஐயா, நீங்களே ஒண்ணு எடுங்க. எதுனாலும் சரி, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணே ஒண்ணுதான். அதுலதான் எங்களுக்கும் அளக்கணும், உங்களுக்கும் அளக்கணும்” என்றாள்.

வீரபெருமாள் மணலில் குந்தினார். பழக்கதோஷம், கை முதலில் மெழுகு வட்டிலுக்குத்தான் போனது. பாதியில் நின்றது. அதை எடுத்தால் கடைமடைக்கும் அதே மெழுகு. ஆணி வட்டிலை எடுத்தால் தமக்கும் அதே ஆணி. எதை எடுத்தாலும் ஒருவருக்கு ஒரு சொட்டுக் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. துளை சிறிதா பெரிதா என்பதில் இனி ஒன்றுமே இல்லை. அவருக்கு அது அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் கண் கலங்கியது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா மூன்று தலைமுறையாக மெழுகு உருக்கினோம் என்று நினைத்தார்.

தம் மடை வட்டிலையே எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் மெழுகைச் சுரண்டி எறிந்தார். வட்டிலை இருளப்பன் கையில் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே ஊற்றுக்காலுக்குள் இறங்கினார். யாரும் சொல்லாமலே தலைமடை இறங்கியது. இந்தத் தடவை நடுமடை யோசிக்கவில்லை.

மிச்சம் இரண்டு வட்டிலை என்ன செய்வது என்று ராஜா கேட்டார். கோழிக்குத் தவிடு வைக்க ஆகும் என்றாள் பேச்சி. ராஜா சிரித்தே விட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்று கூட வந்த சேவகர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

இருளப்பனின் வழக்கு பாக்கி இருந்தது. அதையும் பேச்சியிடமே விட்டார் ராஜா. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கண்டதை மறைச்ச கண்ணுதான், இன்னிக்கு எல்லாருக்கும் காட்டியும் குடுத்துச்சு. இவரே இருக்கட்டும். ஆனா இனிமே எந்த மடையிலயும் ஒத்தைக் கட்டுத்தான். ரெண்டாவது கட்ட யாராச்சும் தோள்ல வச்சா, கீழ போட்டுட்டு வரணும்” என்றாள்.

இருளப்பன் மண்வெட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

முந்நூறு கை சேர்ந்தால் மணல் என்ன செய்யும்? நான்காம் நாள் ஊற்றுக்கால் முடிந்தது. கடைமடையில் தண்ணீர் தானாகப் பாய்ந்தது. அங்கிருந்து ஆறு ஏற்றம் நடுமடைக்கு, இன்னும் ஆறு ஏற்றம் தலைமடைக்கு. தலைமடைக்காரன் ஏற்றத்தைக் கடைமடைக்காரன் மிதித்தான், கடைமடைக்காரி பிள்ளையைத் தலைமடைக்காரி தூக்கி வைத்துக்கொண்டாள். முதல் நனைப்பு, இரண்டாம் நனைப்பு, மூன்றாம் நனைப்பு என்று மூன்றும் முடிந்தது. கதிர் தலை சாய்ந்தது.

அந்த வருஷம் விளைச்சல் அமோகம் என்று சொல்ல மாட்டேன். எந்த வீட்டிலும் குதிர் நிறையவில்லை. ஆனால் எந்த வீட்டுக் குதிரும் காலியாகவும் இல்லை. கடைமடையில் பேச்சி வீட்டில் நெல்லுச்சோறு பொங்கினாள். பிள்ளைகள் பேசாமல் தின்றார்கள். நகரத்துப் பிள்ளைகளின் குடத்தில் கண்மாய்த் தண்ணீர் இருந்தது. வாக்குக் காத்த ராஜாவும் அன்றைக்குத்தான் நெல்லுச்சோற்றில் கை வைத்தார்.

கதை இங்கே முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கஷ்டத்தில் ஒழுங்காக இருப்பது பெரிய காரியமா? அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிறைந்து அலையடித்தது. ராஜா மதகைத் திறக்கச் சொல்லிவிட்டார். தண்ணீர் பழையபடி மேற்கிலிருந்து வந்தது; தலைமடை மறுபடி தலைமடையானது.

இருளப்பன் காலையில் தலைமடைக்கு வட்டிலை வாங்கப் போனான். மாதத்துக்கு ஒரு மடை என்று வைத்துக்கொண்ட வட்டில் அந்த மாதம் அங்கேதான் இருந்தது. வீரபெருமாள் வாய்க்கால் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வட்டிலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு துளையில் என்னமோ செய்துகொண்டிருந்தார். இருளப்பன் இவ்வளவுதானா, ஒரு மழைக்குள் மனசு மாறிவிட்டதா என்று நினைத்தான். இந்தத் தடவை பார்க்காத மாதிரிப் போகவில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தான்.

அவர் வைக்கோல் ஈர்க்கு ஒன்றை வைத்துத் துளையில் அடைத்திருந்த தூசியை மெல்ல எடுத்துக்கொண்டிருந்தார்.

“நம்ம முறையில தூசி அடைச்சா நமக்கு ரெண்டு சொட்டுக் கூட வந்துரும்ல. அதான்” என்று வட்டிலை நீட்டினார்.

இருளப்பன் வாங்கிக்கொண்டான். அன்றைக்குத் தலைமடையில் பாடினான், நடுமடையில் பாடினான், கடைமடையில் பாடினான். மூன்று இடத்திலும் பாட்டின் அதே அடியில் வட்டில் மூழ்கியது.

கேட்டவர்கள் நன்றாக இருங்கள், கேட்காதவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்: அளவு ஒன்றாக இருந்தால் குறைந்த தண்ணீரும் எல்லாருக்கும் போதும், அளவு இரண்டாக இருந்தால் நிறைந்த கண்மாயும் ஊருக்குப் போதாது.